ஒரு புள்ளி தெரிய எத்தனை பிக்சல்?

2019 ஜனவரி. புத்தகக் காட்சி முடிந்து நாலைந்து நாள் இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். தன் சிறுவயது நினைவுகளை அவர் எழுதிய புத்தகத்துக்கு நான்தான் மெய்ப்புப் பார்த்திருந்தேன். "தம்பி, புத்தகம் நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு சங்கதி. நூத்தி நாப்பத்து மூணாம் பக்கம் எடுங்க" என்றார். எடுத்தேன். 'அன்றிரவு எங்கள் மண வீட்டில் விளக்கு எரியவில்லை' என்று இருந்தது. இரண்டு முறை படித்தும் எனக்குத் தப்பு தெரியவில்லை. அவரே சொன்னார்: "எங்க வீடு மண் வீடு தம்பி. அப்பா தவறின அன்னைக்கு நடந்தது அது. நீங்க கல்யாண வீடா ஆக்கிட்டீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தமிழில் மெய்ப்புப் பார்க்கிறவன் வாங்குகிற கூலியில் பாதி புள்ளிக்குத்தான். என், என. பல், பல. இந்த இணைகளில் எதை மாற்றிப் போட்டாலும் அகராதியில் உள்ள சொல்தான் வரும். பிழைதிருத்தும் மென்பொருள் ஒன்றும் கேட்காமல் விட்டுவிடும். அதனால் ஆளைத்தான் வைக்கிறார்கள். அந்த ஆள் நான். பதினைந்து வருடமாக இதைச் செய்துவந்தவன், சாவு வீட்டைக் கல்யாண வீடாக அச்சில் ஏற்றிவிட்டேன். முதலில் தட்டச்சு செய்தவரைக் குறை சொல்லிப் பார்த்தேன், அப்புறம் அவசரத்தை, அப்புறம் என் வயதை. மேசையில் உட்கார்ந்திருந்த மானிட்டர் மீது சந்தேகம் வர சாயங்காலம் ஆகிவிட்டது.

டப்பாவும் தட்டையும்

2003இல் திருவல்லிக்கேணியில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது பதினைந்து அங்குல டப்பா மானிட்டர். பதினைந்து என்பது உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயின் கணக்கு. கண்ணுக்குத் தெரிகிற பகுதி பதினாலுக்கும் குறைவுதான். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு அறுபது முறை படம் வரைந்து ஓடினால் ஓரக்கண்ணில் திரை படபடக்கும். செட்டிங்கில் போய் அதை 85க்கு மாற்றத் தெரிந்தவருக்கு சென்டரில் தனி மரியாதை. மதியத்துக்குமேல் அறை முழுக்கச் சூடு. நான்கு டப்பாக்கள் இருந்தால் மின்விசிறி காற்று அனலாகத்தான் வரும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் அதில் எழுத்து இருந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. திரையில் படமாகும் நுண்கட்டம்தான் பிக்சல். அதற்குக் கறாரான விளிம்பு இல்லை. நியூஸ்பிரின்ட் தாளில் மை லேசாக ஊறின மாதிரி எழுத்து கொஞ்சம் பரவி நிற்கும். புள்ளியும் பரவி நிற்கும். மங்கல்தான், ஆனால் காணாமல் போகாது.

வீட்டிலிருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, 2011இல், தட்டைத் திரைக்கு மாறினேன். மாறியதற்கு முதல் காரணம் மின்சாரம். டப்பா 80, 90 வாட் இழுக்கும். தட்டை 20 வாட்டில் அடங்கிவிடும். அடுத்த வருடமே சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு வந்தபோது அந்த வித்தியாசத்தின் அருமை தெரிந்தது. அதே சின்ன யு.பி.எஸ். இரண்டு மடங்குக்கு மேல் தாங்கியது. மேசையில் அரிச்சுவடி முதல் அகராதிவரை விரித்து வைக்க இடம் கிடைத்தது. தலைவலி குறைந்தது. அதன் நல்லதைச் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் அது நன்றி கெட்டத்தனம்.

அந்தத் திரையின் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தவை: 18.5 அங்குலம், ஐந்து மில்லிசெகண்ட், கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம்) ஐம்பது லட்சத்துக்கு ஒன்று. இந்த ஐம்பது லட்சம் எப்படி வருகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். திரை முழுக்கக் கருப்பாக இருக்கும்போது பின்னால் இருக்கும் விளக்கை ஏறக்குறைய அணைத்துவிடுவது, முழுக்க வெள்ளையாக இருக்கும்போது உச்சத்துக்கு ஏற்றுவது, இரண்டையும் தனித்தனியே அளந்து வகுப்பது. வெள்ளைப் பக்கத்தில் கருப்பு எழுத்து படிக்கிற எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். அப்படி அளந்தால் அந்த வகைப் பேனலில் ஆயிரத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. ஒரு பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரமான ஐந்து மில்லிசெகண்டும் எனக்கு உதவாத எண். ஓடுகிற காரும் பறக்கிற பந்தும் இழுவிக்கொண்டு தெரியாமல் இருக்க அது வேண்டும். என் திரையில் ஓடுவது ஒன்றுமில்லை.

பெட்டியில் சின்ன எழுத்தில் இருந்ததைத்தான் நான் படித்திருக்க வேண்டும்: 1366 x 768. டப்பா மானிட்டரில் இருந்தது 1024 x 768. எட்டு வருடம் கழித்து, புதுத் தொழில்நுட்பம் என்று காசு கொடுத்து வாங்கியதில் அகலம்தான் கூடியிருந்தது. உயரத்தில் ஒரு பிக்சல் வரிகூட ஏறவில்லை. இடையில் ஒரு அலுவலகத்தில் சதுரமாக ஒரு பத்தொன்பது அங்குலத் தட்டைத் திரை பார்த்திருக்கிறேன், அதில் உயரம் 1024 வரி. படம் பார்க்க வசதி என்று உலகமே அகலத்துக்குத் தாவியபோது அந்தச் சதுரம் வழக்கொழிந்துபோனது. புத்தகப் பக்கம் நெட்டுக்குத்தாக நிற்பது. என் திரையோ கல்யாணப் பந்தி இலை மாதிரி குறுக்கே நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் வெறும் சாம்பல் நிறம், நடுவில் குறுகலாக ஒரு பக்கம்.

நிரந்தரப் புள்ளி

வாங்கி மூன்றாம் வருடம் திரையின் இடப்பக்க மேல்பகுதியில் ஒரு பிக்சல் செத்துப்போனது. கருப்பாக ஒரு குத்து. கடையில் கேட்டேன். "ஒரு டாட்டுக்கெல்லாம் மாத்தித் தரமாட்டாங்க சார்" என்றார்கள். உத்தரவாதக் காலமும் முடிந்துதான் இருந்தது, இருந்தாலும் கேட்டுவைப்போம் என்று கேட்டேன். ஆனால் அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. இதற்கென்றே 2001இல் ஐ.எஸ்.ஓ. 13406-2 என்று ஒரு தரக்கணக்கு வந்தது, 2008இல் அதற்குப் பதில் வேறொன்று வந்தது. அதில் இரண்டாம் வகுப்புத் திரை என்றால் பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பவை இரண்டு, எப்போதும் அணைந்தே கிடப்பவை இரண்டு இருக்கலாம், பிக்சலுக்குள் இருக்கும் நிறத்துண்டான துணைப்பிக்சலின் கோளாறு ஐந்துவரை போகலாம் என்றிருந்தது. என் திரையில் மொத்தமே பத்தரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஒரு பிக்சல் போனது அந்தக் கணக்குப்படி குறையே இல்லை.

அந்தச் செத்த பிக்சல் எழுத்துக்கு மேலே போய் உட்கார்ந்தால் மெய்யெழுத்தின் புள்ளி மாதிரியே இருக்கும். 'அவன' என்று பாதியில் விட்ட சொல் அந்த இடத்துக்கு வந்தால் 'அவன்' ஆகிவிடும். பக்கத்தைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தால் புள்ளி நகராமல் நின்ற இடத்தில் நிற்கும். இது என்னுடையது இல்லை, திரையுடையது என்று தெரியும். வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் மானிட்டருக்குக்கூட இலக்கணம் தெரியும் என்று. செத்த ஒரு பிக்சலும் உண்மையான ஒரு புள்ளியும் ஒரே அளவில் தெரிகின்றன என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அந்தப் பேனலின் இன்னொரு குணத்தையும் சொல்லிவிடுகிறேன். டி.என். என்கிற வகை. நேராகப் பார்த்தால் சரி. நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தால் திரையின் மேல்பகுதி இருண்டு கீழ்ப்பகுதி வெளுத்துவிடும். சந்தேகமான சொற்களுக்கு மேல் வெளிர் மஞ்சள் பூசி வைப்பது என் பழக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்து உட்கார்ந்தால் அந்த மஞ்சள் வெள்ளையோடு கலந்து மறைந்துபோகும். நிமிர்ந்தால் திரும்பி வரும். பள்ளிக்கூடத்தில் முதுகில் தட்டி நிமிரச் சொன்ன வாத்தியாரை விட இது கண்டிப்பு. ஒருமுறை, பக்கம் நெட்டாகத் தெரியட்டும் என்று திரையைத் தாங்கியிலிருந்து கழற்றி, சுவரோரம் செங்குத்தாகச் சாய்த்துப் பார்த்தேன். மேலும் கீழும் இருந்த அந்த நிறபேதம் இப்போது இடமும் வலமுமாக ஆனது. இடக்கண்ணுக்கு ஒரு வெள்ளை, வலக்கண்ணுக்கு ஒரு வெள்ளை. பத்து நிமிடத்தில் குமட்டல். திரும்பக் கிடத்திவிட்டேன்.

அந்தச் சாயங்காலம்

ஆசிரியர் போனை வைத்த அன்று சாயங்காலம் பழைய கோப்பைத் திறந்தேன். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். நான் எப்போதும் வேலை செய்கிற மாதிரியே, முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரியும் அளவில் வைத்தேன். ஏன் பெரிதாக்கிப் படிக்கவில்லை என்று கேட்கலாம். பெரிதாக்கினால் அரைப் பக்கம்தான் தெரியும். உருட்டும்போது வரி தவறும். ஒரு பத்தி எங்கே முடிந்தது, அடுத்த பக்கத்தில் ஒற்றை வரி தொங்குகிறதா என்பதெல்லாம் கண்ணில் படாது. 280 பக்கம், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, ஜனவரிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். தாளில் எடுத்துப் பார்க்கும் வழக்கத்தைச் செலவு என்று பதிப்பகங்கள் கைவிட்டு நாளாகிவிட்டது. முழுப் பக்கத்தில் படிப்பது, சந்தேகம் வந்தால் பெரிதாக்குவது. இதுதான் முறை. சந்தேகமே வராத இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

அதே பக்கத்தில் நாலு வரி கீழே 'மண் சுவர்' என்று இருந்தது, புள்ளியோடு, சரியாக. மேலே 'மண வீட்டில்'. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரே மாதிரி இருந்தன. பெரிதாக்கினேன்: ஒன்றில் புள்ளி இருக்கிறது, ஒன்றில் இல்லை. சுருக்கினேன்: இரண்டும் 'மண்' என்றே தெரிந்தன. திரை எனக்குப் புள்ளியைக் காட்டவே இல்லை. நானாக வைத்துப் படித்திருக்கிறேன். தாத்தாவின் குடிசை, மழைக்காலம், இடிந்த திண்ணை என்று நூற்று நாற்பது பக்கம் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டு வந்தவனுக்கு அது மண் வீடு என்று தெரியாதா என்ன. அச்சுப் புத்தகத்தில் படித்தபோது நேர் எதிர். தாளில் புள்ளி இல்லாதது தெளிவாகத் தெரிந்ததால் மணவீடு என்றே எடுத்துக்கொண்டு, தப்பே இல்லை என்று நினைத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெமி அளவுப் பக்கம், உயரம் எட்டரை அங்குலம். திரையில் கருவிப்பட்டைகள் போக மிச்சம் சுமார் 620 பிக்சல் வரி. ஒரு அங்குலத்துக்கு 73 பிக்சல். பதினோரு பாயின்ட் எழுத்துக்குக் கிடைப்பது மேலிருந்து கீழாகப் பதினோரு பிக்சல். அதிலும் கொம்பு, வால், விசிறிக்கெல்லாம் மேலும் கீழும் இடம் விட்டுவிட்டால் 'ண'வின் உடம்புக்கு ஆறு. தலைக்குமேல் வரும் புள்ளிக்கு ஒன்று, தாராளமாகப் போனால் ஒன்றரை. அந்த ஒன்றும் முழுக் கருப்பாக இல்லாமல், இரண்டு பிக்சலில் பங்கு போட்டு வெளிர் சாம்பலாக விழுகிறது. தூசியைவிடப் பாவம்.

அச்சகத்தில் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு மடக்கு லென்ஸ் வைத்திருப்பார்கள். என்னிடமும் ஒன்று உண்டு. அதைத் திரைமேல் வைத்துப் பார்த்தேன். வெள்ளை என்று ஒன்றுமே அங்கே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று செங்குத்துப் பட்டைகள், ஜமக்காளம் விரித்த மாதிரி. எழுத்தின் இடது விளிம்பில் லேசாகச் செம்மை, வலது விளிம்பில் நீலம். பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கி எழுத்தைக் கூர்மையாகக் காட்டும் வித்தை அது. மைக்ரோசாஃப்ட் 1998இல் கிளியர்டைப் என்ற பெயரில் அறிவித்தது. ஆனால் பட்டைகள் நிற்பது பக்கவாட்டில். எனவே கூர்மை கூடுவதும் பக்கவாட்டில்தான். ஆங்கிலத்தின் எல், ஐ, டி எல்லாம் நட்டுவைத்த குச்சிகள், அவற்றுக்கு இது வரப்பிரசாதம். நம் எழுத்தின் சங்கதி மேலும் கீழும் இருக்கிறது. புள்ளி மேலே, உகரத்தின் வால் கீழே, இகர ஈகாரத்தின் வளைவு மேலே. அந்தத் திசையில் இந்த வித்தை கைகொடுக்கவில்லை. அங்கே கூட்ட வேண்டியது வரிகளின் எண்ணிக்கையை. அதைத்தான் 768லேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

பனையோலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எழுத்தாணியை அழுத்தினால் ஓலை கிழியும். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்கள் இதில் பட்ட பாடு நமக்குத் தெரியும். லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. எட்டு வருடமாக நான் படித்துக்கொண்டிருந்தது ஓலையை. ஓலைதான் படிக்கிறோம் என்று சுவடிக்காரர்களுக்காவது தெரிந்திருந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில்

பணம் சேர்ந்து கடைக்குப் போக ஆறு மாதம் ஆனது. இந்த முறை பென்டிரைவில் அந்த ஒரு பக்கத்தைப் போட்டு எடுத்துக்கொண்டேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் மின்னணுக் கடைகளில் மானிட்டரில் ஓடுவது எப்போதும் அதே படம்தான்: பவளப்பாறை, மீன், மலர் விரிவது. மீன் எந்த மானிட்டரிலும் அழகாகத்தான் இருக்கும். "கேமிங்கா சார், எடிட்டிங்கா?" என்றார் பையன். "புள்ளி பார்க்கணும்" என்றேன். "டெட் பிக்சலா? அதெல்லாம் புதுசுல இருக்காது சார்" என்றார். விளக்குவதற்குள் அவருடைய டீ ஆறிவிட்டது. புரிந்ததும் பையன் உற்சாகமாகிவிட்டார். ஒவ்வொரு மானிட்டராக அந்தப் பக்கத்தைத் திறந்து, "இதுல மண் வீடா, மண வீடா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

முதலில் பரிந்துரைத்தது 27 அங்குலம், 1920 x 1080. பார்க்கப் பிரம்மாண்டம். ஆனால் அங்குலத்துக்கு 82 பிக்சல். என் பழைய 18.5இல் 85 இருந்தது. பரப்பை இழுத்துப் பெரிதாக்கி விற்கிறார்கள், அவ்வளவுதான். வரிகள் கூடியதால் புள்ளி தெரிந்தது, ஆனால் எழுத்து முழுக்கப் படிக்கட்டாகத் தெரிந்தது. அடுத்து வி.ஏ. என்கிற வகைப் பேனல், வளைந்த திரை. கருப்பு உண்மையிலேயே கருப்பு. ஆனால் பக்கத்தை உருட்டும்போது எழுத்து கரும்புகை மாதிரி இழுபட்டது. வளைவில் பத்தியின் நேர்க்கோடுகள் வில்லாகத் தெரிந்தன, அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். கடைசியில் 27 அங்குலம், ஐ.பி.எஸ். என்கிற வகை, 3840 x 2160. முழுப் பக்கத்தை வைத்தார். எழுத்துக்கு முப்பத்தைந்து பிக்சல். புள்ளி நாலு பிக்சலில் வட்டமாக, முழுக் கருப்பில். பையனே தள்ளி நின்று படித்துவிட்டு, "மண வீடு சார்" என்றார். பழையதைப்போல நாலு மடங்குக்குமேல் விலை. வாங்கிவிட்டேன்.

வீட்டில் வந்து மாட்டினால் எலிக்குறி தத்தித் தத்திப் போனது. பழுதான சாமான் என்று முடிவே கட்டிவிட்டேன். விஷயம் வேறு. என் பழைய கணினியில் மானிட்டரை மாட்டும் எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பு, இவ்வளவு பெரிய படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். பெட்டிக்குப் பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் என்று ஒரு துளை இருந்தது. அத்தனை வருடமாக அதைப் பயன்படுத்தியது தூசி மட்டும்தான். அதில் மாட்டியதும் 60 வந்தது, சரியானது. அப்புறம் பக்க வடிவமைப்புக்கு நான் வைத்திருக்கும் பழைய மென்பொருள், இந்தத் திரையில் பொத்தான்களை எறும்பு அளவில் காட்டியது. விண்டோஸில் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் பொத்தான் பெரிதாகிறது, எழுத்து கலங்குகிறது. அந்த மென்பொருளில் உள்ள வேலைக்குப் பழைய மானிட்டரையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், செத்த பிக்சலோடு.

இதன் குறைகளும் கொஞ்சமில்லை. வந்த அன்று வெளிச்சம் கண்ணைக் கூசியது. நூறில் இருந்ததை இருபத்தைந்துக்கு இறக்கிய பிறகுதான் தாளைப் பார்ப்பதுபோல் ஆனது. ராத்திரி விளக்கணைத்துப் படம் பார்த்தால் கருப்பு கருப்பாக இல்லை, அடுப்புச் சாம்பல். கீழ் மூலைகளில் வெளிறின ஒளி படிந்து நிற்கும். தலையை நகர்த்தினால் அதுவும் நகரும். ஐ.பி.எஸ். என்றால் அது கூடவே வருவது. அட்டை வடிவமைக்கும் நண்பர் வந்து பார்த்துவிட்டு நிறம் பற்றி இருபது நிமிடம் பேசினார். அது அவர் கவலை. ஓலெட் வகைத் திரை வாங்கியிருந்தால் கருப்பு கிடைத்திருக்கும் என்றும் சொன்னார். ஒரே வெள்ளைப் பக்கமும் ஒரே கருவிப்பட்டையும் நாளுக்குப் பத்து மணி நேரம் அசையாமல் நிற்கும் திரையில், அந்தப் பட்டை நிரந்தரமாகப் பதிந்துபோகும் அபாயம் ஓலெட்டுக்கு உண்டு. எனக்கு அது ஒத்துவராது.

இப்போது புதுத் தொல்லை, தேவைக்குமேல் தெரிவது. மேல்வரியில் இருக்கும் 'ழு'வின் வால் கீழ்வரிப் புள்ளியை இடிப்பது தெரிகிறது. ஒரு எழுத்துருவில் 'ங்' மேல் புள்ளி நடுவில் இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கி நிற்பது தெரிகிறது. இதையெல்லாம் சுட்டிக்காட்டி எழுதினால் பதிப்பகத்தார், "எழுத்துப் பிழை மட்டும் பாருங்க சார்" என்கிறார்கள். நியாயம்தான். இத்தனைக்கும் இது இன்னும் தாள் அளவுக்கு வரவில்லை. அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் லேசர் அச்சில் அதே பதினோரு பாயின்ட் எழுத்துக்குத் தொண்ணூறு புள்ளி உயரம் கிடைக்கிறது. முக்கியமான புத்தகம் என்றால் கடைசிச் சுற்றை என் கைக்காசில் தாளில் எடுத்துவிடுகிறேன்.

திரை வந்த முதல் வாரத்தில் ஆசிரியருடைய புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்தேன். யாரும் கேட்கவில்லை, கூலியும் இல்லை. 143ஐத் தவிர இன்னும் பதினேழு இடங்களில் புள்ளி தவறியிருந்தது. பெரும்பாலானவை 'என்' 'என' ஆனவை. ஓரிடத்தில் 'பல் விழுந்த கதை' பல விழுந்த கதையாகியிருந்தது. அதை யாராவது படித்துச் சிரித்திருப்பார்கள். அவருக்குப் போன் செய்து சொல்ல இரண்டு முறை எண்ணை எடுத்தேன். 143ஐ அவரே கண்டுபிடித்தார். இவற்றை அவர் கண்டும் சொல்லாமல் விட்டாரா, காணவில்லையா தெரியாது. இரண்டாம் பதிப்பு வந்தால் திருத்த வேண்டும் என்று பக்க எண்களை ஒரு தாளில் எழுதி, மானிட்டரின் கால் அடியில் மடித்து வைத்திருக்கிறேன். முதல் பதிப்பில் இன்னும் இருநூறு படி விற்காமல் இருக்கிறதாம்.